20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பாட்டின் உயிர் இருக்கிறதாம்!

பிட்_பாலா
பழைய பாடல்கள் பகுதியில் மோனோ மணி அண்ணன் இப்படி எழுதியிருக்கிறார்: "சிடி 20 கிலோஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 20,000 அதிர்வுக்கு) மேல் இருப்பதை வெட்டி எறிந்துவிடுகிறது, பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது, ரெக்கார்டில் அது அப்படியே கிடைக்கும்." கீழே ஆளாளுக்கு "அருமை சார்" வேறு. பொறுக்க முடியாமல்தான் தனி இழை போடுகிறேன். சிடி நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து வைக்கிறது, அதில் பாதி வரை, அதாவது 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை, உள்ள ஒலியைத் திரும்பத் தர முடியும், கேட்கும் எல்லைக்குள் எதுவும் தொலையாது. மனிதக் காது நல்ல இளமையிலேயே ஏறக்குறைய 20-ஓடு நின்றுவிடும். அப்புறம் அந்த உயிர் யாருக்குக் கேட்கிறது, வௌவாலுக்கா?

மோனோ_மணி
வா தம்பி. கணக்கு நன்றாகத்தான் போடுகிறாய். 1970களில் ஜேவிசி கம்பெனி, சிடி-4 என்று (பெயரில்தான் சிடி, இது ரெக்கார்டு) நாலு சேனல் ரெக்கார்டு கொண்டுவந்தது தெரியுமா? கூடுதல் சேனல்களுக்கானதை 30 கிலோஹெர்ட்ஸ் கேரியரில், அதாவது சுமந்து செல்லும் அலையில், ஏற்றி அதே பள்ளத்தில் வெட்டினார்கள், ஊசியும் அதைப் படித்தது. 20-க்கு மேல் ரெக்கார்டில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வௌவால் வந்து கையெழுத்துப் போடணுமா?

பிட்_பாலா
இருக்க முடியும் என்பது வேறு, உங்கள் வீட்டுத் தட்டில் இருக்கிறது என்பது வேறு. சிடி-4-க்காக ஷிபாட்டா என்று தனி ஊசியே செய்ய வேண்டிவந்தது, சாதாரண ஊசி பட்டால் அந்தக் கேரியர் தேய்ந்துபோகும். அந்த முறையே சில வருடங்களில் காணாமல் போனது. தவிர, 33⅓ சுற்றில் தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, லேபிள் பக்கம் வரும்போது 21 செ.மீ.தான், நுண்ணிய அதிர்வுகளுக்கு இடம் நெருக்கடியாகிவிடும். அதனால்தான் கடைசிப் பாட்டில் பாடகி 'ச' சொல்லும்போதெல்லாம் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி கேட்கிறது. இதில் 20-க்கு மேலேயாம்.

மோனோ_மணி
ஆக, "இருக்க முடியும்" என்று நீயே சொல்லிவிட்டாய். எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேசட்_கண்ணன்
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நம் ஊரில் எத்தனை வீட்டில் எல்.பி. இருந்தது? டீக்கடைக்கும் பஸ்ஸுக்கும் பாட்டைக் கொண்டுபோனது கேசட். ஒரு பேப்பரில் பாட்டு வரிசையை எழுதி வெற்று கேசட்டோடு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு, 60 நிமிடத்தில் எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்கள் நாங்கள். அந்த ருசி உங்கள் இருவருக்கும் தெரியாது.

மோனோ_மணி
கண்ணா, உன் டேப் நொடிக்கு 4.76 செ.மீ. ஊர்கிறது. பாட்டு தொடங்கும் முன்பே 'உஸ்ஸ்'. நீ 20 கிலோஹெர்ட்ஸ் பேச்சுக்கே வரக்கூடாது.

கேசட்_கண்ணன்
வரத்தான் செய்வேன். என்னிடம் இரவல் வாங்கிப்போன தட்டை முதலில் திருப்பிக் கொடுங்கள் அண்ணே, அப்புறம் கிலோஹெர்ட்ஸ் பேசலாம்.

பிளேலிஸ்ட்_பிரியா
அங்கிள்ஸ், ஆப்பிள் மியூசிக்கில் 2021-லிருந்தே கூடுதல் கட்டணம் இல்லாமல் லாஸ்லெஸ் (ஒலியில் எதையும் இழக்காத கோப்பு) தருகிறார்கள், நொடிக்கு 1,92,000 முறை (192 கிலோஹெர்ட்ஸ்) வரை அளந்ததுகூட உண்டு. இன்னும் எதற்கு ஊசி, கேசட் சுற்றப் பென்சில்?

பிட்_பாலா
அதை புளூடூத் இயர்பட்ஸில்தானே கேட்கிறாய் பிரியா? அது மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். 192-ஆவது ஒன்றாவது.

பிளேலிஸ்ட்_பிரியா
என் பக்கம் பேச வருவீர்கள் என்று நினைத்தேன், சூப்பர். எனக்கு ஒரே குறை, சேமித்து வைத்த பாட்டு ஒருநாள் காலையில் சாம்பல் நிறமாகிவிடுகிறது, தொட்டால் ஓடுவதில்லை, உரிமம் முடிந்ததாம். அதைப் பற்றி யாராவது பேசினால் தேவலை.

நடுவில்_நான்
ரெக்கார்டுக்கும் சிடிக்கும் வித்தியாசம் கேட்பதற்கு முக்கியக் காரணம் மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசி வேலை. பல சிடி மறுவெளியீடுகளில் சத்தத்தை ஏற்றுவதற்காக மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள இடைவெளியை நசுக்கிவிட்டார்கள். 16 பிட் சிடி 96 டெசிபல் வரை இடம் கொடுக்கிறது, ரெக்கார்டு 70-ஐ எட்டினாலே பெரிது. இடம் இருந்தும் பயன்படுத்தவில்லை. 20 கிலோஹெர்ட்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மோனோ_மணி
ஆக, பழசுதான் நன்றாகக் கேட்கிறது என்கிறீர்கள். அதைத்தானே நானும் சொல்கிறேன்!

பிட்_பாலா
அண்ணே, 2022-இல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க ரெக்கார்டு கம்பெனியின் விவகாரம் படித்தீர்களா? சுத்த அனலாக் என்று நம்பி ரசிகர்கள் வாங்கிய பல தட்டுகள் நடுவில் டிஜிட்டலாக மாற்றிப் பிறகு வெட்டியவை என்று தெரியவந்தது. அதுவரை வருடக்கணக்கில் "ஆகா, அனலாக் உயிர்" என்று உருகிய தங்கக்காதுகள் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மோனோ_மணி
அது அமெரிக்காக்காரன் செய்த பித்தலாட்டம், அதற்கு நான் என்ன செய்ய? சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன்பே அங்கே வாங்கிய தட்டுகள் என்னிடம் இருக்கின்றன. அதில் எவன் டிஜிட்டலைக் கலந்தான்?

பிட்_பாலா
சரி, ஒரு சோதனை. ப்ரொஃபைலில் 63 வயது என்று போட்டிருக்கிறீர்கள். 15 கிலோஹெர்ட்ஸ் டோன் ஒன்று அனுப்புகிறேன், கேட்கிறதா சொல்லுங்கள். 20 அப்புறம்.

மோனோ_மணி
வயதை இழுக்காதே. பெரியவர்களிடம் பேசும் முறை இதுவா? உன் வயதில் நான் வால்வு ஆம்ப் சால்டர் செய்து கொண்டிருந்தேன், நீ யூடியூப் பார்த்துவிட்டு வருகிறாய்.

பிட்_பாலா
டோன் கேட்டதா இல்லையா?

கேசட்_கண்ணன்
தட்டு எப்போது வரும்?

மோனோ_மணி
கண்ணா, அந்தத் தட்டில் கீறல் உன் வீட்டிலேயே விழுந்தது, சபையில் பேச வைக்காதே. பாலா, டோன் கீன் எல்லாம் அனுப்பிப் பேச்சை மாற்றாதே. சிடி-4 பற்றி நான் கேட்டதற்கு இதுவரை ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.