லாரி போனாலே நெஞ்சு படபடக்கிறது

மாண்டலே மருமகள்: 2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்தில் (அளவு 7.7 என்றார்கள்) எங்கள் வீட்டுப் பின்சுவர் சரிந்தது. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் இன்றும் லாரி போய்த் தரை அதிர்ந்தால், மொஹிங்கா (மீன்குழம்பு நூடுல்ஸ்) கிண்ணத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். மாமியார் "நடிப்பு" என்கிறார்.

ரங்கூன் அக்கா: நடிப்பில்லை தங்கச்சி. ஆபத்து முடிந்தது அறிவுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. 2008 நர்கீஸ் புயலுக்குப் பிறகு காற்று ஊளையிட்டாலே எனக்கு வியர்க்கும். பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படுகிற ஐந்து பொருளைச் சத்தமாகச் சொல்வேன். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடு.

தட்டோன் தம்பி: பின்னதிர்வு நிஜமாகவும் வரும், அதனால் ஓடியதற்கு வெட்கம் வேண்டாம் அக்கா. கெட்ட கனவும் தூக்கமின்மையும் ஒரு மாதம் தாண்டினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாமியாரையும் கூட்டிப்போங்கள்.

மாண்டலே மருமகள்: அவர் இன்னும் வாசலில்தான் பாய் போடுகிறார், தம்பி! கேட்டால் "உள்ளே புழுக்கம்" என்பார்.