நைட்டியோட இறங்கலாமா?

செல்வி அத்தை: கார்த்தி, ஜப்பான் வந்ததும் போகப்போற அந்த ஹகோனே ஊர் சுடுதண்ணிக் குளியலுக்கு நைட்டி போதுமா, சுடிதாரா?

கார்த்தி டோக்கியோ: ரெண்டும் வேணாம் அத்தை. ஒன்சென்னு சொல்ற இந்த வெந்நீர் ஊற்றுக் குளியல்ல துணியே கிடையாது. ஆம்பளைங்க தனி, பொம்பளைங்க தனி.

செல்வி அத்தை: என்னது

மீனா: 😂😂

கார்த்தி டோக்கியோ: முழுசா படிங்க. வாசல்ல திரை தொங்கும். பெரும்பாலும் நீலம் ஆண், சிவப்பு பெண். எழுத்தையும் பாருங்க. பல விடுதியில ராத்திரி ஆம்பளைங்க போன பக்கம் காலையில பொம்பளைங்களுக்கு மாறிடும்.

ரவி சித்தப்பா: அண்ணன் கோமதி கல்யாணத்துலயே பொண்ணு ரூமுக்குள்ள போனவரு

ராஜா பெரியப்பா: டேய்

கார்த்தி டோக்கியோ: உள்ள கூடையில துணியை வெச்சுட்டு, சின்னத் துண்டோட போங்க. முதல்ல ஸ்டூல்ல உக்காந்து சோப்புப் போட்டுக் குளிக்கணும். நின்னுட்டு ஊத்தினா பக்கத்து ஆள் மேல தெறிக்கும். நுரை துளிகூட இல்லாம கழுவிட்டுதான் தொட்டி. அது ஊறத்தான், அழுக்குத் தேய்க்க இல்ல. துண்டு தண்ணியில படக்கூடாது, மடிச்சுத் தலைமேல வெச்சுக்கலாம். முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கணும். குற்றாலம் மாதிரி எண்ணெய் தேச்சுட்டு இறங்கினா படலம் மிதக்கும். பாட்டில் வேணாம்.

செல்வி அத்தை: போன தடவை பெட்டியில கொட்டினது என் எண்ணெய் இல்ல. யாரோடதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

பெரியம்மா: இப்ப அது எதுக்கு செல்வி

மீனா: அத்தை கையில பச்சை குத்தியிருக்கே, விடுவாங்களா?

கார்த்தி டோக்கியோ: பல இடத்துல விடமாட்டாங்க. அங்க அது யாகுசா ரவுடிங்க அடையாளம். சின்னதுன்னா தோல் நிற ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டா சில இடத்துல சரி.

ரவி சித்தப்பா: அக்கா ரவுடின்னு ஜப்பான்காரனுக்கே தெரிஞ்சிருக்கு

கார்த்தி டோக்கியோ: இல்லன்னா கஷிகிரி. நம்ம வீட்டாளுங்களுக்கு மட்டும் தனி அறை, பெரும்பாலும் 45, 50 நிமிஷத்துக்கு. புக் பண்ணவா?

ராஜா பெரியப்பா: நான் பிபி மாத்திரை போடுறேனே?

கார்த்தி டோக்கியோ: டாக்டர்கிட்ட கேட்டுடுங்க பெரியப்பா. தண்ணி 40, 42 டிகிரி இருக்கும். கால்லேர்ந்து மேல மேல மொண்டு ஊத்திப் பழக்கிட்டு இறங்குங்க. முதல் தடவை 5 நிமிஷம், இடுப்பு வரைக்கும் போதும். சூட்டுல ரத்தக்குழாய் விரிஞ்சிருக்கும், சட்டுனு எழுந்தா கண்ணு இருட்டிடும். சாப்பிட்ட உடனே வேணாம், சரக்கு போட்டுட்டு இறங்கவே கூடாது.

ரவி சித்தப்பா: அண்ணே கடைசி வரியை ரெண்டு தடவை படிங்க

கார்த்தி டோக்கியோ: பெரியம்மா, கொலுசு, மெட்டி கழட்டணும். ஓவாகுடானின்னு அங்க இருக்கற எரிமலைப் பள்ளத்தாக்கு பக்கத்துத் தண்ணியில கந்தகம். வெள்ளி கறுத்துடும்.

பெரியம்மா: மெட்டியெல்லாம் கழட்ட மாட்டேன்பா.

கார்த்தி டோக்கியோ: அப்ப கறுக்கும்.

பெரியம்மா: புளி போட்டுத் தேச்சுக்கறேன். சாப்பாடு சைவம்தானே?

கார்த்தி டோக்கியோ: சூப்பு, காய் எல்லாத்துலயும் தாஷின்னு காஞ்ச மீன் சாறு ஊத்துவாங்க. முன்னாடியே சொல்லி வெக்கணும்.

பெரியம்மா: ஐயோ. புளிக்காய்ச்சல் எத்தனை பாட்டில்?

ரவி சித்தப்பா: எனக்கும் சேர்த்து ரெண்டு

மீனா: நீங்க வரவே இல்லையே சித்தப்பா

கார்த்தி டோக்கியோ: இன்னொண்ணு. விடுதியில தர்ற யுகாத்தாங்கற பருத்தி அங்கிக்கு இடதுபக்கம்தான் மேல வரணும். வலதுபக்கம் மேல வந்தா பொணத்துக்குக் கட்டற கட்டு.
கார்த்தி டோக்கியோ: கஷிகிரி எத்தனை மணிக்கு? யாராவது சொல்லுங்க.

ராஜா பெரியப்பா: காலையில பேசலாம்

செல்வி அத்தை: துண்டு பெருசா எடுத்துட்டு வரேன்.