மரினேட்: 'சுவறவைத்தல்' எனலாமா?

அண்ணா, வணக்கம்.

சமையற் சொற்பட்டியலில் 'மரினேட்' (சமைக்க முன் இறைச்சியில் உப்பு, மசாலா பிரட்டிவைப்பது) என்பதற்கு 'பதப்படுத்தல்' என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். பதப்படுத்தியது என்றால் கெடாது என்றுதான் சனம் விளங்கிக்கொள்ளும். கருவாடு அப்படி, ஊறுகாய் அப்படி. இரவுச் சாப்பாட்டுக்கென்று பின்னேரம் உப்பும் மிளகும் பிரட்டிவைத்த பன்றி இறைச்சி அப்படியில்லை. திருகோணமலை வெக்கைக்கு அதை மேசையில் விட்டால் கெட்டுப்போகும். பிரிட்ஜில், 4 பாகைக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

'ஊறவைத்தல்' பரவாயில்லை. ஆனால் அரிசியும் உழுந்தும் ஊறுவது தண்ணீர் குடித்துப் பெருப்பது. இறைச்சியில் நடப்பது வேறு. உப்பு மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். இஞ்சி, உள்ளி, மிளகு, கொறக்காப்புளி (குடம்புளி) எல்லாம் பெரும்பாலும் சில மில்லிமீற்றர் ஆழத்தோடு நின்றுவிடும். துண்டை வெட்டிப் பார்த்தால் ஓரம் கறுத்திருக்கும், நடு வெளிறியே கிடக்கும். தடித்த துண்டைக் கத்தியால் கீறிவிட்டுக் கலவையைத் தேய்ப்பது அதனால்தான்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது: சுவறுதல். 'மழைத்தண்ணி மணலிலை சுவறிப்போச்சு', 'உப்பு இன்னும் சுவறேல்லை'. வெளியே நிற்பது மெல்ல உள்ளே போவதை அது அப்படியே சொல்லிவிடுகிறது. வினைக்குச் 'சுவறவைத்தல்', பூசும் கலவைக்குச் 'சுவறற்கூட்டு'. இரண்டாவது வாயில் கொஞ்சம் தடக்குகிறது; 'சுவறல்' என்றே விட்டாலும் எனக்குச் சம்மதம்.

'கிரில்'லுக்கு 'வாட்டுதல்' வேண்டாம். வாழையிலையை வாட்டுகிறோம், வதங்கினால் போதும். பன்றி இறைச்சி வேக வேண்டும்: முழுத்துண்டின் நடுப்பகுதி 63 பாகை செல்சியசைத் தொட்டு, இறக்கிய பிறகு 3 நிமிடம் ஆற வேண்டும். அரைத்த இறைச்சி என்றால் 71. வெறும் 'சுடுதல்' என்றால் வடையும் தோசையும் வந்து நிற்கும். 'தணலில் சுடுதல்' சரி. சிரட்டைக் கரியில் சுவாலை அடங்கிச் சாம்பல் பூத்த பிறகுதான் கம்பியில் இறைச்சியை வைக்கிறோம்; கொழுப்புச் சொட்டிச் சுவாலை எழும்பினால் துண்டை ஓரத்துக்குத் தள்ளுகிறோம். 'தணல்' என்றதும் அந்தச் செய்முறை முழுக்க வந்துவிடுகிறது.

விளக்கக் குறிப்பில் இன்னொரு வரி சேருங்கள்: பச்சை இறைச்சி கிடந்த சுவறலைச் சுட்ட துண்டின் மேல் ஊற்றுவதானால் முதலில் கொதிக்கவைக்க வேண்டும்.

மட்டக்களப்பு, யாழ்ப்பாண நண்பர்களும் தங்கள் ஊர் வழக்கை எழுதுங்கள். 'சுவறுதல்' தமிழகத்து வாசகருக்குச் சட்டென்று விளங்குமா என்று அங்குள்ளவர்கள் சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.