விடிய விடியக் கூத்து: கேனன் எச்வி20 போதுமா, புதிய கேம்கார்டர் வாங்க வேண்டுமா?

செய்யாற்றங்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் இந்த ஆண்டும் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பத்து மணிக்கு மேல் களரி கூடினால் விடிந்துதான் முடியும். என் பெரியப்பாதான் வாத்தியார், கூத்துக் குழுவை நடத்துகிறவர். நாற்பது ஆண்டுகளாகத் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர், முழங்கால் போய்விட்டது என்று இந்த ஆண்டோடு கிரீடத்தை இறக்கி வைக்கப் போகிறார். அவர் ஆடுவதை முழுதாகப் பதிவு செய்து வைக்க வேண்டும். துண்டு துண்டாகக் கைப்பேசியில் எடுத்தது நிறைய இருக்கிறது. அது எனக்கு வேண்டாம்.

நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் 2007இல் வாங்கிய கேனன் எச்வி20 கேம்கார்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். மினிடிவி டேப்பில் எச்டி பதிவாகும் வகை. பெட்டி பிரிக்காத டேப் பன்னிரண்டும் தந்தார். ஒத்திகையின்போது கோயில் மண்டபத்தில் சோதித்துப் பார்த்தேன். மூன்று தொல்லைகள்:

படம் முழுவதும் வெளிச்சம் துடிக்கிறது, கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஊர்கின்றன. கண்ணுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை, டியூப்லைட் ஒழுங்காகத்தான் எரிந்தது. அடுத்தது, வசனம் பேசாத நேரத்தில் ஆட்டுக்கல் சுற்றுவது போல ஓர் இரைச்சல். மூன்றாவது, வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டு வெளியே வந்தபோது ஃபோகஸ் தடுமாறி, முகம் தெளிவதற்குள் பாதி விருத்தம் போய்விட்டது.

கேமரா கெட்டுவிட்டதா? முப்பதாயிரம் வரை செலவிட முடியும். கார்டு போடும் புதிய கேம்கார்டர் வாங்கிவிடலாமா?

ஆரணி வீடியோக்காரர்:

தம்பி, கேமரா கெடவில்லை. நாடு மாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் விற்ற எச்வி20 நொடிக்கு அறுபது புலம் பதிவு செய்வது. புலம் என்றால் ஒன்றுவிட்ட வரிகள் மட்டும் உள்ள அரைப் படம். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. பழைய சோக்கு போட்ட டியூப்லைட் நம் ஊரில் நொடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டர் 1/60இல் நின்றால் ஒரு புலத்துக்கு ஒன்றரை அலைக்கு மேல் வெளிச்சம் விழுகிறது. ஒன்றில் கூடுதலாக, அடுத்ததில் குறைவாக. அதுதான் துடிப்பு. இந்தக் கேமராவில் உள்ள சீமாஸ் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) படத்தை வரி வரியாகப் படிப்பதால் துடிப்பு பட்டையாக ஊர்கிறது. எச்வி20இல் ‘டிவி’ என்று ஒரு முறை உண்டு. தொலைக்காட்சி அல்ல, ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறை. அதில் 1/100 வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் சரியாக ஓர் அலை கிடைக்கும், பட்டை நின்றுவிடும். வெளிச்சம் கொஞ்சம் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

24பி என்று இன்னொன்று இருக்கிறது, நொடிக்கு 24 சட்டகம், அதாவது 24 முழுப் படம், சினிமா போல வரும் என்று மச்சான் சொல்லியிருப்பார். தொடாதீர்கள். இந்தக் கேமரா அந்த 24 சட்டகங்களை அறுபது புலங்களுக்குள் நிரவித்தான் டேப்பில் எழுதும், கணினியில் அதைப் பிரித்தெடுப்பது தனி வேலை. தோளில் புஜக்கட்டை கட்டிக்கொண்டு சுழன்றாடுகிறவரை அறுபது புலத்தில் பார்த்தால்தான் சுழற்சி சுழற்சியாக இருக்கும்.

இரைச்சல், டேப்பைச் சுற்றும் மோட்டார். கையளவு உடம்பில் மோட்டாரும் மைக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தால் டேப் கேமரா எதுவானாலும் இப்படித்தான். வெளி மைக் மாட்டினால் போய்விடும். இந்தக் கேமராவில் அதற்கு 3.5 மிமீ துளை இருக்கிறது, ஒலி அளவைக் கையால் வைக்கும் வசதியும் இருக்கிறது. தானியங்கியில் விடாதீர்கள். மிருதங்கத்தில் ஓங்கி ஒரு தட்டு விழுந்ததும் கேமரா பயந்து ஒலியை இறக்கிவிடும், அடுத்த இரண்டு நொடிக்கு வாத்தியார் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார்.

ஃபோகஸ் விஷயத்தில் தவறு உங்களுடையது. இரண்டு பேர் பிடித்த திரை முன்னால் நிற்கும்போது தானியங்கி ஃபோகஸ் திரையைத்தான் பார்க்கும், பாவம் அதற்கு உள்ளே துரியோதனன் இருப்பது எப்படித் தெரியும்? திரை வருவதற்கு முன்பே, வேஷக்காரர் வந்து நிற்கும் இடத்தில் யாரையாவது நிறுத்தி, முழு ஜூமில் அவர் கண்ணைப் பார்த்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, பிறகு ஜூமைக் குறையுங்கள். லென்ஸுக்கு இடதுபுறம் சிறிய உருளை ஒன்று இருக்கிறது, அதைக் கையால் திருப்பலாம். மிளகளவுதான் திருப்பவேண்டும், அதிகம் போனால் திரும்பிப் பிடிப்பது கடினம்.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் மேடைக்குச் சிவப்பு, நீலம் என்று எல்இடி விளக்கு போடுகிறார்கள். துரியோதனன் முகத்துச் சிவப்பு அரிதாரத்தின் மேல் சிவப்பு விளக்கும் விழுந்தால் கண், புருவம், மீசைக் கோடு எல்லாம் ஒரே குழம்பு. எச்டிவி (மினிடிவி டேப்பில் எச்டி எழுதும் இந்த முறை) டேப்பில் நிறம் வெளிச்சத்தின் நுணுக்கத்தில் பதிவாவதில்லை, சிவப்பில்தான் அது முதலில் தெரியும். விளக்குக்காரரிடம் பேசி குறைந்தது இரண்டு வெள்ளை விளக்கு போடச் சொல்லுங்கள். அதன் கீழ் சலவை வேட்டியை விரித்து, கேமராவில் வெண்மையைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி, வாங்கலாமா என்ற கேள்வி. எச்வி20இன் சென்சார் 1/2.7 அங்குலம். முப்பதாயிரம் வரை கிடைக்கிற கார்டு கேமராக்களில் பலவற்றில், உதாரணமாக சோனி சிஎக்ஸ்405இல், 1/5.8 அங்குலம். பரப்பில் நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். பின்புறமாக ஒளி வாங்கும் சென்சார் என்பதால் புதியவை கொஞ்சம் ஈடுகட்டும். முழுதாக அல்ல. பெட்டியில் 30 மடங்கு ஜூம், 50 மடங்கு ஜூம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். கூத்துக் களரியில் நீங்கள் பதினைந்து அடியில் நிற்கப் போகிறீர்கள். வேண்டியது அகலம். எச்வி20 அகலத்தில் குறைவு, ஃபிலிம் கேமரா கணக்கில் 43.6 மிமீ லென்ஸுக்குச் சமம், பின்பாட்டுக்காரர்களையும் சேர்த்துப் பிடிக்கப் பின்னால் தள்ளித்தான் நிற்கவேண்டும். லென்ஸின் முன்னால் உள்ள 43 மிமீ விட்டத் திருகில் மாட்டும் அகலக் கண்ணாடி உண்டு. மாட்டினால் முன்பக்க ஃபோகஸ் உணரியை அது மறைக்கும். நீங்கள்தான் கையால் வைக்கப் போகிறீர்களே, கவலை இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். டேப் ஒரு மணி நேரம்தான். டேப்பை மெதுவாக ஓட்டி நேரத்தை நீட்டும் எல்பி வேகம் எச்டியில் கிடையாது. எட்டு மணி நேரக் கூத்துக்கு எட்டு டேப், ஏழு முறை மாற்ற வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுதிய டேப்பையே திரும்பப் போட்டு அதன்மேல் எழுதியவன் நான். ஒரு கல்யாணத்தின் முகூர்த்தம் அப்படிப் போனது. பெண் வீட்டார் இன்னும் என் வாசல் வழியாகப் போவதில்லை.

கார்டு கேமரா என்றால் மைக் துளை இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. சிஎக்ஸ்405இலும் பானாசோனிக் வி180இலும் கிடையாது. கேனன் எச்எஃப் ஆர்806இல் உண்டு. அதில் பதிவுத் தரத்தை 28 எம்பிபிஎஸ் (நொடிக்கு 28 மெகாபிட்) வைத்தால் மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஜிபி ஆகும். 128 ஜிபி அட்டையில் ஓர் இரவு அடங்கிவிடும்.

இரவுப்பறவை:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எச்வி20இல் எச்டிஎம்ஐ வெளியீடு இருக்கிறது. சென்சாரிலிருந்து வரும் படம் டேப்பில் சுருங்குவதற்கு முன்பே அதில் கிடைக்கும். மடிக்கணினியும், படத்தைக் கணினிக்குள் வாங்கும் கேப்சர் கருவியும் இருந்தால், அந்தக் கருவி 1080i (புலம் புலமாக வரும் எச்டி) ஏற்பதாகவும் இருந்தால், டேப் மாற்றும் இடைவெளியே இல்லாமல் இரவு முழுவதும் பதிவு செய்யலாம். வாங்குவதற்கு முன் ‘1080i ஏற்குமா’ என்று கேளுங்கள், பல மலிவுக் கருவிகள் 1080p (முழுச் சட்டகமாக வருவது) மட்டும் என்று கடைசியில் கைவிரிக்கும். கேமராவில் திரைக்குறிகளை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பெரியப்பாவின் கிரீடத்தின் மேல் பேட்டரி படம் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்.

டேப்பில் எடுத்தாலும் கணினிக்கு மாற்ற ஃபயர்வயர் என்ற பழைய வகைக் கேபிள் இணைப்பு வேண்டும். எச்டி படம் இந்தக் கேமராவின் யுஎஸ்பி வழியாக வராது. இப்போதைய மடிக்கணினிகளில் அந்தத் துளை கிடையாது. பழைய மேசைக் கணினியும் ஒரு ஃபயர்வயர் அட்டையும் கிடைக்கிறதா என்று இப்போதே தேடுங்கள். மாற்றுவதற்கும் டேப் ஓடும் நேரமே ஆகும், எட்டு மணி நேரத்துக்கு எட்டு மணி நேரம்.

முகவீணை:

நான் கேமரா அறியாதவன், பின்பாட்டுப் பலகையில் உட்காருகிறவன். மைக்கைக் கேமராவின் தலையில் வைக்காதீர்கள். அங்கே வைத்தால் முன்வரிசைக் குழந்தைகள் முறுக்குக் கடிப்பதுதான் கேட்கும். எங்கள் பலகைக்கும் ஆடுகளத்துக்கும் நடுவில் ஒரு மூங்கிலை நட்டு, தலைக்கு மேல் ஓர் அடி உயரத்தில் கட்டுங்கள். முகவீணைக்கு நேராக வேண்டாம், காதைக் குத்தும். ஆர்மோனியத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும். சலங்கையும் அதிலேயே விழும்.

ஒலிபெருக்கிக்காரர் ‘என் ஆம்பிளிஃபயரிலிருந்தே ஒயர் தருகிறேன்’ என்பார். நேரடியாக வாங்கி மைக் துளையில் சொருகினால் எங்கள் மகன் எடுத்தது போல எல்லாம் கரகரவென்று கிழிந்து வரும். நடுவில் ஒலியின் பலத்தைக் குறைக்கும் கேபிள் போட வேண்டுமாம்.

செய்யாற்றங்கரையான்:

மூவருக்கும் நன்றி. தாமதமாக எழுதுகிறேன், இரண்டு இரவுத் தூக்கம் பாக்கி.

1/100 வைத்ததும் பட்டை துடைத்தாற்போல மறைந்தது. மூங்கில் நட்டோம். முகவீணை ஐயா சொன்னபடி சாய்த்துக் கட்டியதில் பெரியப்பாவின் குரலும் சலங்கையும் தனித்தனியாகக் கேட்கின்றன. பின்பாட்டு ஒரு பக்கம் நகர்ந்துவிட்டது, அடுத்த முறை பார்க்கிறேன். கேப்சர் கருவி கிடைக்கவில்லை. விழாவுக்கு ஐந்து நாள்தான் இருந்ததால் டேப்பிலேயே எடுத்தேன். புதிய கேமரா வாங்கவில்லை.

டேப் மாற்றுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் டார்ச் விளக்கை இரண்டு முறை காட்டுவேன், கட்டியங்காரன் (கூத்தின் கோமாளி) களத்துக்குள் வந்து பேச்சை இழுக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவர் ஒத்துக்கொண்டார், ஆனால் சும்மா இழுக்கவில்லை. முதல் முறை, “மகாராஜா, அமெரிக்காவிலிருந்து ஒரு ஒற்றைக்கண் அசுரன் வந்திருக்கிறான், மணிக்கு ஒரு தடவை தீனி போடாவிட்டால் கண்ணை மூடிக்கொள்கிறான்” என்றார். மொத்தக் களரியும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் டேப்பின் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா துரியோதனன் மிடுக்கு குறையாமல், “அவனுக்கு நம் நாட்டில் அரை வயிற்றுக் கஞ்சிதான்” என்றார். இந்த இரண்டாவது வரி மட்டும் புதிய டேப்பில் விழுந்திருக்கிறது. முதல் வரி போய்விட்டது.

மூன்று மணிக்கு மேல் வெள்ளை விளக்கு ஒன்று அணைந்துபோனது. அதன்பிறகு நிழல் பகுதிகளில் மணல் தூவியது போல் இருக்கிறது. படுகளம் வரும்போது விடிந்துவிட்டதால், பெரியப்பா தொடையில் அடிபட்டு விழுகிற காட்சி பகல் வெளிச்சத்தில் கிடைத்தது. பெரிய தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினேன். முகத்துப் பச்சைப் புள்ளிகள்கூட எண்ணலாம். அவர் அதைப் பார்க்கவில்லை, “இடது கால் தப்பாக விழுந்திருக்கிறது, திருப்பிப் போடு” என்றார். நான்கு முறை திருப்பிப் போட்டேன்.

இனி ஃபயர்வயர் அட்டை தேட வேண்டும். அதுவரை டேப்புகளை எப்படி வைத்திருப்பது?

ஆரணி வீடியோக்காரர்:

நான்கு முறை திருப்பிப் போட்டதே தவறு, தம்பி. ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டினால் டேப் தேயும். எச்டிவியில் ஒரு பொட்டுக் காந்தப்பூச்சு உதிர்ந்தாலும் ஒரு சட்டகத்தோடு போகாது. ஏறக்குறைய அரை நொடிப் படம் உறைந்துவிடும், ஏனென்றால் பதினைந்து சட்டகங்களை ஒரு கட்டாகச் சேர்த்துத்தான் அது சுருக்குகிறது. கணினிக்கு மாற்றும்வரை இனி யாருக்கும் போட்டுக் காட்ட வேண்டாம், பெரியப்பா கேட்டாலும்.

டேப்பைக் கடைசிவரை ஓட்டி, திரும்ப முதலுக்குச் சுற்றி, உறைக்குள் நட்டுக்குத்தலாக நிறுத்தி வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம், சமையலறை அலமாரியும் வேண்டாம். எந்த டேப் எந்த மணி என்று இன்றே எழுதி ஒட்டுங்கள். முக்கியமாக, டேப்பின் முதுகில் சின்னத் தாழ்ப்பாள் ஒன்று இருக்கும், ‘ரெக்’, ‘சேவ்’ என்று இரண்டு பக்கம். எட்டையும் ‘சேவ்’ பக்கம் தள்ளிவிட்டீர்களா? தள்ளிவிட்டு வந்து சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

செய்யாற்றங்கரையான்:

ஏழில் தள்ளியிருந்தேன். மூன்றாவது டேப்பில் இல்லை. இப்போது தள்ளிவிட்டேன்.