பென்டியம் 4-க்கு என்ன போடலாம்: எக்ஸ்பியா, லினக்ஸா, இரும்புக்கடையா?

படிப்பகத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு, மூடிப்போன ஓர் அச்சகத்திலிருந்து பழைய கணினி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பென்டியம் 4, 2.4 கிகாஹெர்ட்ஸ். இன்டெல் 845ஜி போர்டு. ரேம் இரண்டு 256 எம்பி, ஆக 512. 40 ஜிபி ஐடிஇ ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ், 17 அங்குல டப்பா மானிட்டர். உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி இருக்கிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் நீலத்திரை வந்து நின்றுவிடுகிறது. எங்களுக்கு வேண்டியது நூல் இரவல் கணக்கு, பிள்ளைகள் தமிழ்த் தட்டச்சு பழகுவது, கொஞ்சம் பாட்டு. முடிந்தால் இணையம். பென் டிரைவிலிருந்து பூட் ஆக மாட்டேன் என்கிறது. என்ன போடலாம்?

பென்குயின்பித்தன்:
யோசிக்கவே வேண்டாம், ஆன்டிஎக்ஸ் என்ற லேசான லினக்ஸ்தான். டெபியன் என்ற லினக்ஸின் 12-ஆம் பதிப்பை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23-க்கு, உங்கள் பழைய பிராசசருக்கு வேண்டிய 32 பிட் பதிப்பு இருக்கிறது. ஐஸ்டபிள்யூஎம் சாளர மேலாளரோடு வரும், 512 எம்பியில் டெஸ்க்டாப் வந்து நிற்கும்போது பாதிக்கு மேல் காலியாகவே இருக்கும். உபுண்டு லினக்ஸ் பக்கம் போகாதீர்கள், 2017-இல் 17.10 வந்தபோதே 32 பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவை (நிறுவல் கோப்பை) நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்பியைத் தொடவே வேண்டாம். அதற்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே முடிந்துவிட்டது.

டிடிபிக்காரன்:
ஆதரவு முடிந்தால் என்ன, கணினி முடிந்துவிட்டதா? என் கடையில் இன்றைக்கும் எக்ஸ்பிதான். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 7, வானவில் எழுத்துரு, லேசர் பிரின்டர். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. இணையக் கம்பி மட்டும் கிடையாது. அந்தக் கணினி பிறந்தது எக்ஸ்பி காலத்தில். சவுண்டு, டிஸ்பிளே, லேன் எல்லாவற்றுக்கும் டிரைவர் உண்டு. அதையே சுத்தமாக மறுபடி நிறுவினால் முடிந்தது வேலை. நூல் கணக்குக்கு எக்செல் 2003 போதாதா?

இரும்புக்கடை:
இரண்டு பேரும் பிணத்துக்குப் பவுடர் பூசுகிறீர்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது கேட்கிறது. அதனால் நான்காம், ஆறாம் தலைமுறை ஐ3, ஐ5 கணினிகளை அலுவலகங்கள் கூட்டமாகக் கழித்துக்கட்டுகின்றன. 64 பிட், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி போடலாம், எந்த லினக்ஸும் ஓடும். அதில் ஒன்றை நன்கொடையாகக் கேட்டு வாங்காமல் 2002-ஆம் வருட டப்பாவோடு எதற்கு மல்லுக்கட்டுகிறீர்கள்?

பென்குயின்பித்தன்:
இரும்புக்கடை அண்ணே, அவர் கேட்டது என்ன போடலாம் என்று. எதை வாங்கலாம் என்று இல்லை.

டிடிபிக்காரன் அண்ணே, உங்கள் கடை வேறு, படிப்பகம் வேறு. உங்கள் கணினியில் நீங்கள் மட்டும்தான் உட்காருகிறீர்கள். அங்கே இருபது பிள்ளைகள் இருபது பென் டிரைவ் கொண்டுவருவார்கள். பிரவுசிங் சென்டர் காலத்து ஷார்ட்கட் வைரஸ் மறந்துபோச்சா? கம்பி இல்லாவிட்டாலும் பென் டிரைவ் வழியாக வரும். அதையும் தாண்டி இணையம் கொடுத்தால் கேட்கவே வேண்டாம். எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8-க்கு டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு இணைப்பு முறை தெரியாது, இன்றைய தளங்களில் பெரும்பாலானவை திறக்கவே திறக்காது. ஃபயர்ஃபாக்ஸ் 52 நீட்டிப்பு ஆதரவுப் பதிப்புதான் எக்ஸ்பிக்குக் கடைசி, அதுவும் 2018-இல் நின்றுபோனது.

டிடிபிக்காரன்:
சரி தம்பி, உங்கள் லினக்ஸில் மட்டும் இணையம் பறக்குமா? குரோம் 32 பிட் லினக்ஸை 2016-லேயே கைவிட்டது. அப்புறம் 89-ஆம் பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ3 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத பிராசசரில் குரோம் ஏறவே ஏறாது. 845ஜி காலத்து நார்த்வுட் வகைப் பென்டியத்தில் எஸ்எஸ்இ2 மட்டும்தான். ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸுக்குக் கையை விரித்துவிட்டது. டெபியனே 2025 ஆகஸ்டில் வந்த 13-இல் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் தரவில்லை, மைய நிரலான கெர்னலும் தரவில்லை. எனக்கு 2014 என்றால் உங்களுக்கு 2025. நடுவில் பதினோரு வருடம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்களும் மூடப்போகிற கடையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பென்குயின்பித்தன்:
டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. அந்த ஹார்டு டிஸ்க் அதற்கு முன்னால் போய்விடும், கவலைப்படாதீர்கள்.

நாலாங்கட்டை:
சண்டையில் ஒன்றை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். நீலத்திரை வருகிறது என்று அவர் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். காரணம் எக்ஸ்பி என்று யார் சொன்னது? ரேம் கெட்டிருந்தால் ஆன்டிஎக்ஸும் பாதி நிறுவலில் நின்றுதான் போகும். அப்புறம் "லினக்ஸ் சரியில்லை" என்று ஊரெல்லாம் பேச்சாகும்.

படிப்பகத்தான் சார், முதலில் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். பிராசசரைச் சுற்றி நிற்கும் உருளை வடிவ கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ இயங்குதளப் பேச்சையே நிறுத்திவிட்டு சால்டரிங் தெரிந்தவரைத் தேடுங்கள். 2000-களின் முதல் பாதியில் வந்த போர்டுகளுக்கு இது ஊரறிந்த நோய். ஹீட்சிங்க் தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். ரேம் இரண்டையும் கழற்றி, தங்கக் கால்களை பென்சில் அழிக்கும் ரப்பரால் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ சிடியில் ஒரு ராத்திரி ஓட விடுங்கள்.

பொத்தான் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், சிஆர்2032, பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். அது செத்திருந்தால் ஒவ்வொரு தடவை பிளக்கைப் பிடுங்கும்போதும் தேதி 2002-க்கு ஓடிவிடும். தேதி தப்பென்றால் எந்தத் தளத்தின் சான்றிதழும் செல்லாது, பிரவுசர் எல்லாவற்றுக்கும் சிவப்புக்கொடி காட்டும். இணையம் கெட்டுப்போச்சு என்று மோடத்தைத் தட்டிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரும்புக்கடை:
கெபாசிட்டர் மாற்று, ரேம் துடை, பேட்டரி வாங்கு, ராத்திரி முழுக்க ஓட்டு. இதற்கெல்லாம் கூலி போட்டுப் பாருங்கள். மின்சாரத்தையும் சேருங்கள். பென்டியம் 4-உம் டப்பா மானிட்டரும் சேர்ந்து 150 வாட்டை ஒட்டி இழுக்கும். தினம் ஐந்து மணி நேரம் என்றால் 0.75 யூனிட், இரண்டு மாத பில்லில் 45 யூனிட். ராஸ்பெர்ரி பை ஒன்று 5 வாட்டைச் சுற்றித்தான்.

நாலாங்கட்டை:
படிப்பகத்தில் ஓடும் பழைய சீலிங் ஃபேன் 75 வாட். பத்து மணி நேரம் சுற்றினால் அதுவும் 0.75 யூனிட்தான். ஃபேனைக் கழற்றச் சொல்வீர்களா? ராஸ்பெர்ரி பைக்கும் மானிட்டர் வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள். மானிட்டரை எல்சிடி ஆக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இரும்புக்கடை:
ஃபேன் காற்று தருகிறது.

டிடிபிக்காரன்:
தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் தட்டச்சு பழக வேண்டும் என்கிறார். எக்ஸ்பியில் ரீஜனல் செட்டிங்ஸில் சிக்கலான எழுத்து மொழிகளுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தை டிக் செய்து, இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டால் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகை முறைகளும் வந்துவிடும். லதா எழுத்துரு கூடவே இருக்கிறது. லேசான லினக்ஸ் என்று சொல்லி டில்லோ பிரவுசரைக் கொடுத்தால் தமிழ் என்ன ஆகும் என்று பித்தன் சொல்லட்டும். கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை "கொ"வைப் பார்த்து அழும். இன்னொன்று, இந்த 845ஜி கிராபிக்ஸ் லினக்ஸில் திடீர் திடீரென்று உறைந்துபோவது எத்தனை வருடப் பழைய கதை!

பென்குயின்பித்தன்:
டில்லோவில் தமிழ் சிதறும் என்பது உண்மை, யாரும் மறுக்கவில்லை. நெட்சர்ஃப் என்ற லேசான பிரவுசரின் ஜிடிகே பதிப்பில் சிதறாது. தட்டச்சுக்குப் பிரவுசரே தேவையில்லை, ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுக் கருவியை நிறுவினால் தமிழ்99 கிடைக்கும், லோகித் தமிழ் எழுத்துரு தொகுப்பிலேயே இருக்கிறது. ஏபிவேர்டில் தட்டட்டும். கணக்கு எழுத க்னூமெரிக். லிப்ரே ஆபீஸ் இந்த ரேமில் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அதனால் சொல்லவில்லை.

845ஜி உறைவது தெரிந்த விஷயம்தான். பூட் ஆகும்போது நோமோட்செட் என்று கொடுத்தால் கெர்னல் கிராபிக்ஸ் சிப்பைச் சீண்டாது. வீடியோ ஓட்டம் மந்தமாகும். தட்டச்சுக்கும் கணக்குக்கும் அது பொருட்டே இல்லை.

படிப்பகத்தான்:
நாலாங்கட்டை சார் சொன்னபடியே செய்தேன். கெபாசிட்டர்கள் தட்டையாகத்தான் இருக்கின்றன. ரேமில் ஒன்று மெம்டெஸ்ட்டில் சிவப்பாகக் கொட்டித் தீர்த்தது. அதை எடுத்துவிட்டு மற்றதோடு மட்டும் போட்டேன். எக்ஸ்பி இன்று காலையிலிருந்து நிற்காமல் ஓடுகிறது, நீலத்திரை இல்லை! ஆனால் இப்போது ரேம் 256தான்.

இன்னொரு விஷயம். டி டிரைவில் அச்சகத்துக்காரர் செய்த வேலையெல்லாம் அப்படியே இருக்கிறது. எங்கள் பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் குடமுழுக்கு மலர், ஊர்க்காரர் ஒருவர் எழுதி அச்சேறாமல் போன ஊர் வரலாறு. எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புகள்.

டிடிபிக்காரன்:
பார்த்தீர்களா! எக்ஸ்பி மேல் பழி போட்டது யார்? அந்த டிஸ்கை யாரும் ஃபார்மட் செய்யக் கூடாது. பேஜ்மேக்கரும் அந்த எழுத்துருவும் ஒன்றாக இருக்கிற இடம் அது ஒன்றுதான். யூனிகோடு இல்லாத எழுத்துரு, எழுத்துரு போனால் உள்ளே இருப்பது வெறும் ஆங்கிலக் கிறுக்கல். இப்போதாவது எக்ஸ்பியை விடச் சொல்லாதீர்கள்.

பென்குயின்பித்தன்:
ரேமைப் பற்றி நாலாங்கட்டை சொன்னது பலித்தது, எக்ஸ்பி நல்லது என்று ஆகவில்லை. லிப்ரே ஆபீஸ் 4.4 முதலே பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். எழுத்துருக் கோப்பை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, வேறு கணினியில் திறந்து, யூனிகோடுக்கு மாற்றலாம்.

டிடிபிக்காரன்:
திறக்கும். நாலு பத்திக் கட்டமும் படத்துக்குப் பக்கத்தில் ஓடும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். ஒரு மலரைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நாலாங்கட்டை:
இதில் இருவர் சொல்வதும் நடக்கும். முதலில் அந்த டிஸ்கை முழுதாகப் படியெடுங்கள், அதற்குக் குளோன்ஸில்லா என்ற மென்பொருள் போதும். இத்தனை வருடம் சுற்றிய டிஸ்க், நாளைக்கு எழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பேஜ்மேக்கரில் ஒவ்வொரு மலரையும் திறந்து பிடிஎஃப் ஆக்குங்கள். அது முடியும்வரை எக்ஸ்பி இருக்கட்டும், இணையம் வேண்டாம். பிறகு அந்த டிஸ்கைக் கழற்றிப் பெயர் எழுதி அலமாரியில் வையுங்கள். அச்சகத்துக்காரரின் வாடிக்கையாளர் விவரம், கடன் கணக்கு ஏதும் அதில் இருந்தால் அவரைக் கேட்டுவிட்டு நீக்குங்கள், பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது.

பிள்ளைகளுக்கு வேறொரு டிஸ்கில் ஆன்டிஎக்ஸ். 256-இல் ஓடும், ஆனால் ஒரு ஜிபி டிடிஆர் வாங்கிப் போடுங்கள். 845ஜி 2 ஜிபி வரை ஏற்கும். டிடிஆர்2 என்று கடைக்காரர் தள்ளிவிடுவார், வெட்டு இருக்கும் இடமே வேறு, ஏறாது.

படிப்பகத்தான்:
இது எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய 80 ஜிபி ஐடிஇ டிஸ்க் ஒன்று நண்பரிடம் இருக்கிறது. ஆனால் பென் டிரைவில் பூட் ஆகவில்லையே, எப்படி நிறுவுவது?

பென்குயின்பித்தன்:
முழு ஐஎஸ்ஓ சிடியில் அடங்காது. இரண்டு வழி. பிளாப் பூட் மேனேஜரை ஒரு சிடியில் எழுதி அதில் பூட் செய்தால், போர்டின் தொடக்க நிரலான பயாஸின் உதவியில்லாமலே அது பென் டிரைவைத் திறக்கும். அது சரிப்படாவிட்டால் 80 ஜிபி டிஸ்கை ஐடிஇ-யூஎஸ்பி மாற்றியில் கோத்து, உங்கள் வீட்டுக் கணினியில் பென் டிரைவால் பூட் செய்து அந்த டிஸ்கிலேயே நிறுவி, கொண்டுவந்து மாட்டிவிடுங்கள். இரண்டாவது வழியில் இரண்டு கவனம். வீட்டுக் கணினியை புதிய யூஇஎஃப்ஐ முறையில் இல்லாமல் பழைய பயாஸ் முறையில் பூட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பென்டியம் 4-க்குப் புரியாத கிரப் (பூட் செய்யும் நிரல்) ஏறும். கிரப்பை எந்த டிஸ்கில் எழுதுவது என்று கேட்கும்போது வீட்டு டிஸ்கைக் காட்டிவிடாதீர்கள். முடிந்தால் வீட்டு டிஸ்கின் கம்பியைப் பிடுங்கிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

நாலாங்கட்டை:
மாட்டும்போது டிஸ்கின் பின்னால் உள்ள குட்டிச் செருகியான ஜம்பர் மாஸ்டரில் இருக்கட்டும். சிடி டிரைவ் அதே கேபிளில் இருந்தால் அது ஸ்லேவ். இரண்டும் மாஸ்டர் என்றால் பயாஸில் எதுவும் தெரியாது.

டிடிபிக்காரன்:
பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவை உள்ளே பதிக்கும் கட்டத்தை டிக் செய்ய வேண்டும், மறந்தால் அத்தனையும் வீண். சந்தேகம் இருந்தால் எனக்குத் தனிமடல் போடுங்கள், ஊர் வரலாற்றை நானே பக்கம் திருத்தித் தருகிறேன். இலவசம்தான். எக்ஸ்பியில்தான் செய்வேன்.

படிப்பகத்தான்:
மிக்க நன்றி அண்ணே. நண்பர் அடுத்த வாரம் சென்னை போகிறார், ரிச்சி தெருவில் டிடிஆர் ரேம் தேடச் சொல்லியிருக்கிறேன்.

இரும்புக்கடை:
ரிச்சி தெரு வரைக்கும் போகிறவர், அப்படியே பக்கத்துக் கடையில் நான்காம் தலைமுறை ஐ3 என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும். கேட்பதற்குக் காசு இல்லை.