பன்னிரண்டு வீல் லாரி எடுக்கப் போகிறேன்: எந்தக் கம்பெனி கையைக் கடிக்காது?

திருச்செங்கோட்டுக்காரன்: கையில் பிஎஸ்3 (பழைய புகை விதி) காலத்து லேலண்ட் ஒன்று இருக்கிறது. இரண்டாவது வண்டி புதிதாக எடுக்க வேண்டும், மகாராஷ்டிரா நடை. லேலண்டா, டாடாவா, பாரத்பென்ஸா? ரிப்பேர் செலவை வைத்துச் சொல்லுங்க.

சங்ககிரி லோடு: யோசிக்கவே வேண்டாம், லேலண்ட். எந்தக் கம்பெனி பன்னிரண்டு வீலையும் நம் பக்கம் டாரஸ் என்றுதானே சொல்கிறோம்? அது லேலண்ட் மாடலின் பெயர். நாமக்கல், சங்ககிரியில் கை வைக்காத பட்டறை இல்லை. விற்கும்போதும் விலை நிற்கும்.

கரூர் நடை: அண்ணா, இது பம்பு, நாசல் காலத்துப் பேச்சு. பிஎஸ்4 விதியில் லேலண்ட்காரர்கள், புகையைச் சுத்தம் செய்கிற யூரியாக் கரைசல் இல்லாமல் ஓட்டினார்கள், ஒத்துக்கொள்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததும் அவர்களும் யூரியா டேங்க் வைத்துவிட்டார்கள். இனி எதற்கும் கோளாறைக் கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டர் ஸ்கேனர் வேண்டும். என் ஓட்டு பாரத்பென்ஸுக்கு. டிரைவர் கிடைக்காத காலத்தில் அந்த கேபினுக்கே ஆள் வருவான்.

சங்ககிரி லோடு: வருவான் தம்பி. சோலாப்பூர் தாண்டி ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி நின்றால் கேபினில் சுகமாகப் படுத்துக்கொள்ளலாம்!

நாமக்கல் ஓனர்: டாடாவை யாரும் பேசக் காணோம். கம்மின்ஸ் இன்ஜின், வடக்கே எந்த தாபாவில் நின்றாலும் தெரிந்த மெக்கானிக் இருப்பான். இந்தி மட்டும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

பட்டறைக்காரன்: மூன்று பேரும் இன்ஜினைப் பேசுகிறீர்கள். பிஎஸ்6 வண்டி எதிலும் நான் இன்ஜின் பிரித்தது ரொம்பக் குறைவு. வருவதெல்லாம் நாக்ஸ் சென்சார் (புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளப்பது), யூரியா லைன் அடைப்பு, டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) அடைப்பு. பாதி நாம் செய்து கொள்வது. யூரியா 32.5 சதவீதக் கரைசலாக, சுத்தமான தண்ணீரில் இருக்க வேண்டும். இங்கே உரக்கடை யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றியவரையே பார்த்திருக்கிறேன். சல்லிசாக முடிந்தது என்று சந்தோஷப்பட்டார். உப்புப் படிந்து, சைலன்சர் பக்கம் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிஸ்ட் போனதும் அழுதார். டிபிஎஃப் அடைப்பு குவாரி டிப்பருக்குத்தான் அதிகம். மெதுவாக ஓடி ஓடி, உள்ளே கரி எரிகிற அளவுக்குச் சூடு ஏறாது. ஹைவே நடைக்கு அந்தப் பயம் குறைவு.

கரூர் நடை: அப்படியானால் எந்த வண்டியும் ஒன்றுதானா?

பட்டறைக்காரன்: பட்டறைச் செலவில் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் நிற்கிற நாளில் இருக்கிறது. என் மச்சான் வண்டி (கம்பெனி பெயர் வேண்டாம்) ஒரு சென்சாருக்காக ஆந்திராவில் ஐந்து நாள் நின்றது. சென்சார் காசு போகட்டும். அந்த ஐந்து நாளும் லோன் டியூ நிற்கவில்லை, டிரைவர் படி நிற்கவில்லை. அதனால் போகிற ரூட்டில் எந்தக் கம்பெனி சர்வீஸ் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கிறது, ஸ்பேரைக் கையில் வைத்திருக்கிறார்களா என்று போன் போட்டுக் கேளுங்க. அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.

சங்ககிரி லோடு: கேட்டாலும் லேலண்ட்தான் வரும்.

திருச்செங்கோட்டுக்காரன்: சரிங்க, நாளைக்கே கேட்கிறேன். பழைய வண்டியைத் தள்ளிவிடலாமா?

பட்டறைக்காரன்: விற்காதீங்க. உள்ளூர் கோழித் தீவன நடைக்குப் போடுங்க. அதற்கு ஸ்கேனர் வேண்டாம், என் ஸ்பேனர் போதும்.