புதுக்கோட்டைக்குப் புதிதாகக் குடிவந்தவர்: எந்த வேலைக்கு எந்த அலுவலகம்?

கேள்வி (புதுக்குடி)

அனைவருக்கும் வணக்கம். பல்லவன் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. வீட்டு வரியில் பெயர் மாற்றுவதற்காக மாநகராட்சி அலுவலகத்துக்குச் சென்றேன். பட்டாவைப் பற்றிக் கேட்டதும் தாலுகா அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். எங்கள் முனைச் சாலையில் உள்ள பள்ளத்தை யாரிடம் சொல்வது என்பதும் விளங்கவில்லை. வீதிகள் இவ்வளவு நேராகவும், குளங்கள் வீடுகளுக்கு நடுவிலும் இருப்பதைப் பார்த்தால், இந்த ஊரை யாரோ திட்டமிட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஊரின் நிர்வாகத்தையும் வரலாற்றையும் சேர்த்து யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (ராஜவீதி வாசி)

ஐயா, தாங்கள் ஊகித்தது சரிதான். இது ஒரு சமஸ்தானத்தின் தலைநகராக இருந்த ஊர். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் ஆதரவோடு ரகுநாதராயத் தொண்டைமான் இங்கே ஆட்சியை நிறுவினார். 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது வரை தொண்டைமான் மரபினரே ஆண்டார்கள்.

இப்போது நாம் பார்க்கும் நகருக்கு உருவம் கொடுத்தவர் திவான் (மன்னரின் தலைமை அமைச்சர்) சேஷையா சாஸ்திரி. திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878இல் இங்கு வந்தவர், பின்னர் அரசப் பிரதிநிதியாகவும் பொறுப்பேற்று 1894 வரை நிர்வாகத்தை நடத்தினார். வீதிகளைச் சீர்செய்ததும், பல்லவன் குளம், புதுக்குளம் முதலியவற்றைத் தூர்வாரிச் செம்மைப்படுத்தியதும், அலுவலகக் கட்டடங்களை எழுப்பியதும் அவர் காலத்துப் பணிகளே. விளைச்சலில் அரசும் குடியானவரும் பங்கு பிரித்துக்கொண்ட அமானி முறையையும் அவர் நீக்கினார். வற்றாத ஆறு இல்லாத நிலத்தில் மழை நீரைத் தேக்கி ஊரை வாழவைப்பது எப்படி என்று அவர் யோசித்திருக்கிறார். ஆகவே தங்கள் வீட்டருகே உள்ள குளத்தை அழகுக்காக வெட்டிய ஒன்றாக நினைக்காமல், ஊரின் உயிர்நிலையாகவே பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதன் வரத்து வாய்க்காலில் குப்பை கொட்டுவதைக் கண்டால் தயவுசெய்து புகார் கொடுங்கள்.

சமஸ்தானத்துக்குச் சொந்த நாணயமும் இருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அம்மனும் மறுபக்கம் ‘விஜய’ என்ற எழுத்தும் கொண்ட செப்புக் காசை அம்மன் காசு என்பார்கள். ஓர் அணாவுக்கு இருபது காசுகள். நவராத்திரியில் அரிசியோடு இதையும் ஏழைகளுக்குக் கொடுப்பது வழக்கம். திருக்கோகர்ணத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்கி, நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பதில் 2 (முன்னாள் எழுத்தர்)

மேலே உள்ள விளக்கத்தோடு நிர்வாகத்தைச் சேர்த்துக்கொள்கிறேன். 1912இல் நகராட்சியாக அமைந்த ஊர், 2024இல்தான் மாநகராட்சியாக உயர்ந்தது. இணைப்புக்குப் பின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமானது. மன்னரின் புது அரண்மனையே இன்று ஆட்சியர் அலுவலகமாக இருக்கிறது. இதனால் மாநகராட்சி, வருவாய்த் துறை, ஆட்சியர் எல்லாமே ஒரே அதிகாரம் என்று பலர் மயங்கிவிடுகிறார்கள். அவை வெவ்வேறு.

சொத்து வரி, குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு, குப்பை, சாக்கடை, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. மன்ற உறுப்பினர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அன்றாட நிர்வாகத்தை ஆணையர் நடத்துகிறார். எனவே புகாரை முதலில் வார்டு உறுப்பினரிடம் சொல்லுங்கள். எழுத்து மூலம் கொடுப்பதானால் ஆணையர் பெயருக்குக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பவேண்டாம்.

பட்டாவும் நில அளவையும் வருவாய்த் துறையின் வேலை. நகரத்துக்குள் இருக்கும் மனைக்கு நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பழைய வீடுகளில் பத்திரத்தின் அளவும் அந்தப் பதிவேட்டின் அளவும் ஒத்துப்போகாமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சாலைப் பள்ளத்தைப் பொறுத்தவரை, தெருச் சாலை மாநகராட்சிக்குரியது, ஆனால் ஊரைக் கடந்து செல்லும் பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்கு உரியவை. தங்கள் முனைச் சாலை எந்த வகை என்பதை முதலில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் அல்லது அக்டோபரின் முதல் முப்பது நாட்களுக்குள் கட்டினால், 5000 ரூபாய்க்கு மிகாமல் ஐந்து விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு.

கேள்வி கேட்டவர் (புதுக்குடி)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்திரத்தையும் பதிவேட்டு நகலையும் ஒப்பிட்ட பிறகே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். குளத்து வாய்க்காலைப் பற்றிச் சொன்னது என்னை மிகவும் பாதித்தது, ஏனென்றால் எங்கள் வீட்டுக் கழிவுநீரே அதில் கலக்கிறதோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. நாளை காலையில் முதலில் அதைப் போய்ப் பார்க்கிறேன்.